எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி: அரசுப் பள்ளி வகுப்பறையில் எட்டு மாதம்

பாடும்போது ச என்கிற அடிப்படை ஸ்வரத்தை விடாமல் ஒலித்துக்கொண்டே இருந்து, குரல் விலகாமல் பிடித்து வைக்கிற கருவிதான் சுருதிப் பெட்டி. கச்சேரி பாடுகிறவர்களும், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் பண்ணுகிறவர்களும் இதைப் படித்துவிட்டுப் பெட்டி வாங்கப் போக வேண்டாம், அவர்களுக்கு வேண்டியது வேறு. தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், மேலே ஃபேன் கடகடவென்று ஓட, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்க, 48 பிள்ளைகளை வைத்துக்கொண்டு சரளி வரிசை (கர்நாடக இசையின் முதல் பாடம்) சொல்லித் தருகிற ஒரு பாட்டு டீச்சருக்கு இந்தப் பெட்டி எப்படி உழைத்தது என்பதுதான் விஷயம். விலை 4,900 ரூபாய். சொந்தக் காசு.

சொந்தக் காசு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி, பாட்டு என்று 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்களே, அதில் நானும் ஒருத்தி. வாரத்துக்கு மூன்று அரை நாள், ஆரம்பத்தில் மாதம் 5,000 ரூபாய். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 2024-ல் 12,500 ஆனது. அந்தச் சம்பளத்தில் 4,900 என்பது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் இந்தப் பெட்டியை நான் கொஞ்சம் கறாராகத்தான் பார்க்கிறேன்.

கம்பெனி பெயர் எழுதப்போவதில்லை. நல்லது சொன்னால் எவ்வளவு வாங்கினாய் என்பார்கள், குறை சொன்னால் சண்டைக்கு வருவார்கள். சந்தையில் இப்போது இந்த மாதிரி பெட்டி ஏழெட்டு வகை இருக்கிறது, கிட்டத்தட்ட எல்லாம் ஒரே சாயல். பெரிய டிபன் பாக்ஸ் அளவு, கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு, முன்பக்கம் மூன்று குமிழ்: கட்டை (சுருதியின் உயரம்) மாற்ற ஒன்று, சுருதியை நுணுக்கிச் சேர்க்க ஒன்று, சத்தத்துக்கு ஒன்று. ச-வோடு சேர்ந்து ஒலிக்கப் பஞ்சமம் (ப) வேண்டுமா மத்யமம் (ம) வேண்டுமா என்பதற்கு ஒரு சுவிட்ச். பின்னால் அடாப்டர் சொருகும் ஓட்டை, வெளி ஸ்பீக்கருக்கு ஒரு ஓட்டை, செல் போடும் பெட்டி. அவ்வளவுதான்.

இதற்கு முன்னால் என்ன வைத்திருந்தேன் என்றால், எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த அம்மா தந்த துருத்திப் பெட்டி. கையால் அடிக்கிற பழைய வகை. அருமையான நாதம், ஆனால் ஒரு கை எப்போதும் அதிலேயே மாட்டிக்கொள்ளும், தாளம் போட ஒரு கைதான் மிஞ்சும். பிள்ளைகளை அடிக்கச் சொன்னால் நான்தான் அடிப்பேன் நான்தான் அடிப்பேன் என்று சண்டை, ஜெயித்தவன் உற்சாகத்தில் பம்ப் அடிக்கிற மாதிரி அடிப்பான், நாதம் அலை அலையாக வரும். அப்புறம் போன் ஆப். அதை ஒரு வருஷம் ஓட்டினேன். ஆப்பைக் குறை சொல்ல மாட்டேன், இலவசத்துக்கு அது ரொம்ப அதிகம். ஆனால் போன் ஸ்பீக்கரில் கீழ் ஷட்ஜம் (ச) காதில் விழாது, மேல் ஷட்ஜம் மட்டும் கொசு மாதிரி கேட்கும். சரளிக்கு அடுத்த பாடமான ஜண்டை வரிசை நடுவில் எச்.எம். சாரிடமிருந்து போன் வரும். குரூப்பில் யாராவது காலை வணக்கம் அனுப்புவார்கள், டிங் என்று ஒரு சத்தம், அது எந்த ஸ்வரம் என்று பின்பெஞ்சில் ஒருவன் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடுவான். (பரவாயில்லை, அதுவும் ஒரு பாடம்தான் என்று விட்டுவிட்டேன்.)

பெங்களூரில் ராஜ் நாராயண் என்கிற, புல்லாங்குழலும் வாசிக்கிற ஒரு இஞ்சினியர் 1979-ல் எலக்ட்ரானிக் தம்பூராவைச் செய்து காட்டிய பிறகு இந்த வகைப் பெட்டிகள் பெருகின. நாலு தந்தியும் வரிசையாக மீட்டுகிற மாதிரி சத்தம் வருவது தம்பூரா வகை. மீட்டல் இல்லாமல் ச-ப-ச என்று விடாமல் ஓடிக்கொண்டே இருப்பது சுருதிப் பெட்டி வகை. கடையில் என்னைத் தம்பூரா வகை வாங்க வைக்க ரொம்பப் பாடுபட்டார்கள், கேட்க அது இனிமையாக இருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம். ஒருமுறை தோழி ஒருத்தியின் தம்பூராப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன், ஐந்தே நிமிஷத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த மீட்டலுக்குத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஆதி தாளம் போடுகிறேன், பெட்டி அதன்பாட்டுக்கு ப-ச-ச-ச என்று வேறு வேகத்தில் போகிறது, பிள்ளைகள் பெட்டியின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பெட்டி டீச்சரை விடப் பெரியது என்று நினைக்கிற வயசு அது. இடைவெளி இல்லாமல் ஓடுகிற சுருதியில் இந்த வம்பு கிடையாது.

முதல் நாள் இதைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்து ஐந்து கட்டையில் ஓடவிட்டபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு. யாரும் பேசவில்லை, அதுவே பெரிய அதிசயம். மூன்றாவது வரிசையில் இருந்து ஒரு பையன், சாதாரணமாக வாயே திறக்காதவன், எழுந்து நின்று, “டீச்சர், இது எங்க தாத்தா ஊதுற ஒத்து மாதிரியே இருக்கு” என்றான். அவன் தாத்தா நாதஸ்வரக்காரர்களோடு ஒத்து ஊதப் போகிறவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஒத்து என்பது நாதஸ்வரம் மாதிரியே ஒரு குழல், ஆனால் விரல் வைக்க ஓட்டை கிடையாது, கல்யாணம் முழுக்க ஒரே ஸ்வரத்தை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், கூட்டத்தில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சுருதி என்றால் என்ன என்று நான் பத்து வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டு விளக்கிக்கொண்டிருந்ததை அவன் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டான். அடுத்த வாரம் தாத்தாவின் ஒத்தையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான், யாருக்கும் ஊத வரவில்லை, வாய் வைத்து ஊதுகிற சீவாளியில் எச்சில் பட்டதுதான் மிச்சம்.

சரி, பெட்டி வேலை செய்கிறதா? செய்கிறது, முக்கியமாக ரிஷபத்தில், அதாவது ரி-யில். நம் ஆரம்பப் பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில், 15-ஆவது மேளம் (தாய் ராகம்), அதில் வருவது சின்ன ரி, ஷட்ஜத்தை ஒட்டி நிற்பது. சுருதி இல்லாமல் பாடவிட்டால் பத்து நிமிஷத்தில் பாதி வகுப்பு பெரிய ரி-க்கு வழுக்கி, சின்ன தா-வையும் தூக்கிப் பெரிய தா ஆக்கி, சங்கராபரணம் என்கிற வேறு ராகத்தில் போய் நிற்கும். அவர்கள் குற்றமில்லை, கேட்டு வளர்ந்த பாட்டெல்லாம் அப்படி. சுருதி ஓடும்போது சின்ன ரி அந்த ஷட்ஜத்தோடு உரசும், அந்த உரசலைக் காது பிடித்துக்கொள்ளும். “ரி சொல்லும்போது தொண்டையில லேசா நடுங்குது டீச்சர்” என்று ஒரு பெண் சொன்னாள். அதுதான், வேறெப்படி விளக்குவது? ஜூனில் சரளி முதல் வரிசையே தள்ளாடிய வகுப்பு, காலாண்டுத் தேர்வுக்குள் பதினாலு வரிசையும் இரண்டு காலத்தில் (வேகத்தில்) ரி நழுவாமல் பாடியது. வாரத்துக்கு ஒரே ஒரு பீரியட், 40 நிமிஷம், அதிலும் பாதி வாரம் கணக்கு சார் கடன் வாங்கிக்கொள்வார் (திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை). அதற்கு இது பெரிய விஷயம்.

அடுத்தது கட்டைக் குமிழ். இதற்காகத்தான் நான் விலை கூட என்றாலும் இந்த மாடலை எடுத்தேன். உயர்நிலைப் பள்ளியில் பாட்டு சொல்லித் தருகிறவர்களுக்குத் தெரியும், எட்டாவது ஒன்பதாவது வந்தால் பையன்களுக்குக் குரல் உடையும். ஆறாவதில் ஐந்து கட்டையில் கிளி மாதிரி பாடினவன் திடீரென்று ஒருநாள் தவளையாகிவிடுவான், அவனே பயந்துபோய் அன்றோடு வாயை மூடிவிடுவான். இந்த வயசில்தான் ஆண்பிள்ளைகள் பாட்டை விட்டுப் போகிறார்கள் என்பது என் அனுபவம், பலருக்கு அது வாழ்நாள் முழுக்க. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. குரல் உடைந்த பையன்களுக்கு ஒன்று, ஒன்றரை. இரண்டு பேரும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சு வரிசையில். என்ன செய்வது?

ஒரு தந்திரம் இருக்கிறது, இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், பெட்டியோடு வருகிற தாளிலும் இல்லை. பெட்டியை ஒரு கட்டையில் வையுங்கள். ஒரு கட்டையின் பஞ்சமம்தான் ஐந்து கட்டையின் ஷட்ஜம். பையன்கள் ஒரு கட்டை ஷட்ஜத்தைப் பிடித்துப் பஞ்சம சுருதியில் பாடுவார்கள். அவர்கள் ஒரு வரிசை முடித்ததும் பெண்கள் அந்தப் பஞ்சமத்தையே தங்கள் ஷட்ஜமாக எடுத்துக்கொண்டு அதே வரிசையைப் பாடுவார்கள், அவர்களுக்கு அது மத்யம சுருதி ஆகிவிடும். குமிழைத் தொடவே வேண்டாம், மாற்றி மாற்றிப் பாடவிடலாம். முதல் இரண்டு வாரம் தகராறுதான், பெட்டியின் ஆதாரம், அதாவது கீழ் ச, கனமாகக் கேட்பதால் பெண்களில் சிலர் அந்தக் கீழ் ஸ்வரத்துக்கே இறங்கிவிடுவார்கள். நாலைந்து நல்ல காதுக்காரப் பெண்களை ஓரத்தில் ஆளுக்கொரு பக்கம் நிறுத்தினால் சரியாகிவிடும். ஒன்பதாம் வகுப்பில் வாய் மூடியிருந்த 19 பையன்களில் இப்போது 13 பேர் பாடுகிறார்கள். மீதி ஆறு பேர் உதடு மட்டும் அசைக்கிறார்கள், அதுவும் எனக்குத் தெரியும், அவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும்.

மத்யம சுவிட்சை ஆரம்பத்தில் வீண் செலவு என்று நினைத்தேன். ஹிந்தோளம், ஸ்ரீரஞ்சனி என்று பஞ்சமம் இல்லாத ராகங்களுக்கு வேண்டும், சரி, அதெல்லாம் நம் வகுப்புக்கு எங்கே வரப்போகிறது என்று. தீபாவளி விடுமுறைக்கு, வீட்டில் யாராவது பாடுகிற ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். நடவுப் பாட்டு, ஒப்பாரி (அதை வகுப்பில் பாடக்கூடாது என்று பின்பெஞ்சு முழுக்க எதிர்ப்பு, விட்டுவிட்டோம்), மாரியம்மன் தாலாட்டு, ஒரு பெண் தன் ஆத்தா பாடுகிற தொட்டில் பாட்டு ஒன்று. அதைப் பஞ்சம சுருதியில் வைத்துப் பாடச் சொன்னால் எங்கேயோ இடிக்கிறது. மேல் ஷட்ஜத்துக்கே போகாமல் நடுவிலும் கீழுமாகச் சுற்றிச் சுற்றி வருகிற மெட்டு, நவரோஜ் ராகத்தின் சாயல். சுவிட்சை மத்யமத்துக்குத் தள்ளினதும் பாட்டு அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கே தெரிந்தது, பாடிக்கொண்டே பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். புன்னாகவராளி, குறிஞ்சி, நவரோஜ் எல்லாம் மத்யம சுருதியில் பாடுவது என்று எனக்கும் பாடமாகத் தெரியும், ஆனால் ஊர்ப் பாட்டில் அது இப்படி ஒளிந்துகொண்டிருப்பதை இந்த 4,900 ரூபாய் காட்டிக்கொடுத்தது.

காலை வழிபாட்டுக்கும் இதையே எடுத்துப் போகிறேன். தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோது, விழாக்களில் பதிவு செய்ததைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும், மோகன ராகத்தில், மூன்றன் (திஸ்ர) நடையில், 55 விநாடியில் என்றெல்லாம் சொன்னார்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் போட்ட மெட்டு, எளிமையான ஐந்து ஸ்வர ராகம், ஆனால் எங்கே ஆரம்பிக்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். எங்கள் பள்ளியில் பாட நிற்கிற பெண்கள் பதற்றத்தில் ஆறு, ஆறரை கட்டையில் எடுத்துவிடுவார்கள், மேலே ஏறுகிற இடம் வந்ததும் மொத்த மைதானமும் கீச்சிட்டு, பெரிய பையன்கள் சிரித்து, பி.டி. சார் விசிலைக் கையில் எடுப்பார். இப்போது பெட்டி நாலு கட்டையில் ஓடுகிறது. பெண்களுக்கு அடி கொஞ்சம் இறக்கம், பையன்களுக்கு உச்சி கொஞ்சம் ஏற்றம், இருந்தாலும் கடைசி வரி வரை எல்லோரும் வந்து சேர்கிறார்கள். இதில் இன்னொரு லாபம், மோகனம் என்ன என்று தனியாக நடத்தவே வேண்டியதில்லை. தினமும் பாடுகிறீர்களே அதுதான், ஸ்வரம் கண்டுபிடியுங்கள் என்று விட்டால் போதும், ஒரு பீரியடில் ச-ரி-க-ப-த எழுதிவிட்டார்கள்.

குறைகளுக்கு வருவோம், நிறைய இருக்கிறது. சத்தம் போதாது. கடையில் கேட்கும்போது ஊரே கேட்கிற மாதிரி இருந்தது, 48 பிள்ளைகள் பாட ஆரம்பித்தால் மூன்றாவது பெஞ்சு தாண்டாது. முழுச் சத்தத்தில் வைத்தால் பிளாஸ்டிக் உடம்பு அதிர்ந்து இரண்டரை கட்டைப் பக்கம் ஒரு கொரகொரப்பு வருகிறது. ஸ்மார்ட் கிளாஸ் ஸ்பீக்கரில் ஒயர் போட்டு இணைத்துச் சமாளிக்கிறேன், அந்த அறை கிடைக்கிற நாளில். மைதானத்தில் மைக்கை அதன் வாயில் வைத்துவிடுகிறோம்.

கரண்டுக்கு நல்ல ஏற்பாடு இல்லை. எங்கள் வகுப்பறைகளில் ஃபேனுக்கு இணைப்பு உண்டு, ப்ளக் பாயிண்ட் கிடையாது. அதனால் செல்தான், ஆறு பென்சில் செல், எனக்கு மூன்று வாரம் வருகிறது. ஒரு நல்லது சொல்ல வேண்டும், செல் தீரும்போது சத்தம்தான் குறைகிறதே தவிர சுருதி இறங்கவில்லை. தோழி வீட்டில் இருந்த பழைய பெட்டி ஒன்று செல் இறங்க இறங்கச் சுருதியும் இறங்கி, ஐந்து கட்டையில் ஆரம்பித்த கீதத்தை நாலரையில் கொண்டுபோய் விட்டது, பாடினவர்களுக்குத் தெரியவே இல்லை.

பெரிய கோபம் சர்வீஸ் மேல்தான். மூன்றாம் மாதம் அடாப்டர் சொருகும் இடம் ஆட ஆரம்பித்தது, லேசாகத் தொட்டால் நின்றுவிடும். வாரண்டி ஒரு வருஷம் என்று அட்டையில் இருக்கிறது. வாங்கின கடையில் கொடுத்தேன், கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள், 23 நாள். போன் பண்ணினால் “வந்துரும் மேடம்” என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைத் திருவிழாவில் வட்டார அளவுப் போட்டி அந்த நேரம் பார்த்து வந்து நின்றது. 2022-லிருந்து இந்தத் திருவிழா நடப்பதால்தான் எச்.எம். சார் பாட்டு பீரியடை ஒரு பொருட்டாகவே பார்க்கிறார், மாநிலம் வரை போய் ஜெயித்தால் கலையரசன், கலையரசி பட்டம் உண்டு. எங்கள் பிள்ளைகளோ மறுபடி போன் ஆப்பை வைத்துப் பயிற்சி எடுத்துக்கொண்டு போனார்கள். குழுப் பாட்டில் இரண்டாவது. பெட்டி இருந்திருந்தால் முதல் வந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், முதல் வந்த பள்ளி உண்மையிலேயே நன்றாகப் பாடியது. பெட்டி திரும்பி வந்தபோது 650 ரூபாய் பில்லும் கூடவே வந்தது, அடாப்டர் சொருகும் இடம் வாரண்டியில் சேராதாம். ஒன்றரை மாதத்தில் மறுபடி அதே இடம் ஆட்டம். இந்த முறை பஸ் ஸ்டாண்டில் செல்போன் ரிப்பேர் பண்ணுகிற தம்பியிடம் கொடுத்தேன், டீ குடித்துவிட்டு வருவதற்குள் சால்டரிங் வைத்து, உள்ளே ஒரு சொட்டுப் பசையும் போட்டு 80 ரூபாய் வாங்கினான். இன்றுவரை அசையவில்லை.

யார் வாங்கலாம்? பெரிய வகுப்புக்குப் பாட்டு சொல்லித் தருகிறவர்கள், அதிலும் ஆணும் பெண்ணும் கலந்த வகுப்பு என்றால், தாராளமாக. தனியாக இரண்டு மூன்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர்களுக்கு ஆப்பும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் போதும். கூடவே தாளப் பெட்டி வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள், பிள்ளைகளுக்குக் கையும் தொடையும் இருக்கிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், சர்வீஸுக்காக ஒன்று, சத்தத்துக்காக அரை கழித்து.

குமிழ் விஷயத்தை மறந்துவிட்டேன். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரும்போது நுணுக்கிச் சேர்க்கிற குமிழ் தானாகத் திரும்பிவிடுகிறது, பூட்டு எதுவும் இல்லை. இரண்டு நாள் கால் கட்டை தள்ளியே பாட வைத்திருக்கிறேன், மூன்றாம் நாள்தான் எனக்கே சந்தேகம் வந்தது. எங்கள் பள்ளித் தையல் டீச்சர், அவரும் 2012 ஆள்தான், பழைய யூனிஃபார்ம் துணியில் உள்ளே பஞ்சு வைத்து ஓர் உறை தைத்துக் கொடுத்தார், குமிழுக்கு நேராக மட்டும் பள்ளம் விட்டு. இப்போது அசைவதில்லை. பெட்டியைப் பார்த்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கால் மடக்கி உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கிறது.